18 அங்குல ரிம்மிலிருந்து 17-க்கு இறங்கினேன்: தாழ்த்திய டொயோட்டா 86 கார், ஒரு டயர் கடை, பதினொரு மாதம்

பேரங்காடியில் மேல் மாடிக்கு ஏறுகிற சுருள் பாதை இருக்கிறதே, அங்கேதான் முதலில் கேட்டது. முன் வலது பக்கம், 'ஸ்ர்ர்க்' என்று. பின் சீட்டில் இருந்த மகள், "அப்பா, காடி ஏப்பம் விடுது" என்றாள். நான் ரேடியோவைக் கூட்டி வைத்தேன். காடியைத் தரைக்கு நெருக்கமாக இறக்கி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த முதலுதவி அது.

ரேடியோ இரண்டு வாரம் காப்பாற்றியது. அப்புறம் ஒரு மழை நாளில் காப்பாரிலிருந்து கிள்ளானுக்குத் திரும்பும்போது தண்ணீர் நிறைந்த குழி ஒன்றில் இறங்கி ஏறினேன். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், முன் டயரின் தோளில் மாங்காய் சீவியது மாதிரி ஒரு சுற்று. பெண்டர், அதாவது மட்கார்டு, அதன் உதட்டில் பெயிண்ட் உரிந்து தகரம் தெரிந்தது. ரிம்மின் உள் விளிம்பு ஒரு இடத்தில் நெளிந்திருந்தது. நாலு ரிம்மும் நாலு டயரும் வாங்கி ஐந்து மாதம் ஆகவில்லை.

என் காடி 2013 டொயோட்டா 86, மேனுவல். பழையதாக வாங்கியது. வந்த வருஷமே ஸ்பிரிங் மாற்றி 30 மில்லிமீட்டர் இறக்கிவிட்டேன். வார நாளில் வேலைக்குப் போகவும் அதுதான், ஞாயிற்றுக்கிழமை விடியலில் உலு யாம் வழியாக பத்தாங் காலிக்கு ஏறவும் அதுதான். இரண்டாவது காடி வைக்க வீட்டிலும் இடமில்லை, மனைவியிடமும் இடமில்லை.

இப்போது அதில் இருப்பது 17×8 அளவு (விட்டம் 17 அங்குலம், அகலம் 8), +45 ஆஃப்செட் (அது என்ன என்று பின்னால் வரும்) என்கை ஆர்பிஎஃப்1 ரிம். டயர் மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 5, 225/45-17: அகலம் 225 மில்லி, பக்கச் சுவர் அதில் 45 சதவீதம், 17 அங்குல ரிம்முக்கு. பதினொரு மாதம், 14,000 கிலோமீட்டர் சொச்சம். போட்டுக் கொடுத்தது கிள்ளானில் மேரு சாலைப் பக்கம் ஒரு சின்ன டயர் கடை. கடைப் பெயரைப் போடவில்லை. "போடாதே தம்பி, இருக்கிற கூட்டமே போதும்" என்று கடைக்கார அண்ணன் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் காடி ஓட்டுகிறவர்களுக்குச் சொன்னாலே புரியும்: ஐந்தடியில் வெள்ளை மீசை, காதில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதே கணக்கைப் போட்டுக்கொண்டு இப்போது எத்தனை பேர் ரிம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களோ.

86-க்குக் கம்பெனி கொடுக்கிற ரிம் 17×7, ஆஃப்செட் +48. டயர் 215/45-17. நான் வாங்கியது 18×8.5, ஆஃப்செட் +35, டயர் 235/40-18. விற்றவர் "நேரா போட்டு ஓட்டலாம், எதுவும் பண்ண வேண்டாம்" என்றார். நானும் என் பங்குக்கு மனக்கணக்குப் போட்டேன். அகலம் ஒன்றரை அங்குலம் கூடுகிறது, அதாவது 38 மில்லி. அதில் பாதி உள்ளே போகும், பாதி வெளியே வரும். வெளியே வெறும் 19 மில்லிதானே, பெண்டருக்குள் அவ்வளவு இடம் இருக்கிறது என்று விரலை வைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன். ஆஃப்செட் எண்ணை ஏதோ மாடல் நம்பர் மாதிரி நினைத்துக் கடந்துவிட்டேன்.

கடையில் அண்ணன் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். "ரிம் அகலத்துக்கு நட்ட நடுவுல ஒரு கோடு. சரியா? ரிம்மு ஹப்புல, அதான் போல்ட்டு நீட்டிக்கிட்டு நிக்கிற வட்டத்துல, போய் உக்காருற முகம் இருக்கில்ல, அது அந்தக் கோட்டுலருந்து எத்தனை மில்லி வெளிப்பக்கமா தள்ளி இருக்கோ, அதான் பிளஸ் நம்பர். நம்பர் பெருசா இருந்தா ரிம்மு உள்ள ஒடுங்கி நிக்கும். சிறுசானா வெளிய வந்துடும். உன் பழசு 48. இது 35. அகலத்துனால வர்ற 19 இருக்கட்டும். அது போக 13 மில்லி மொத்த ரிம்மும் வெளிய நகந்திருக்கு."

19-ம் 13-ம் 32. ஒரு அங்குலத்துக்கு மேல். உள் பக்கம் கூடியது வெறும் 6 மில்லி. நான் பாதிக்குப் பாதி என்று நினைத்தது இப்படிப் பிரிந்திருக்கிறது.

உயரம் இன்னொரு கணக்கு. 215/45-17 டயரின் மொத்த விட்டம் 625 மில்லி. 235/40-18 போட்டால் 645. விட்டத்தில் 20 என்றால் டயரின் தலை 10 மில்லி மேலே ஏறி பெண்டரை நெருங்குகிறது. ஸ்பிரிங் ஏற்கெனவே 30 இறக்கிவைத்திருக்கிறது. ஆக, கம்பெனிக்காரன் விட்டுவைத்த இடைவெளியில் 40 மில்லியை நானே தின்றுவிட்டு, மேலே 32 மில்லி வெளியேயும் தள்ளிவிட்டேன். உரசாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். போதாததற்கு, அந்த டயரில் மீட்டர் 110 காட்டினால் காடி பழைய டயரில் போனதைவிட மூன்றரை கிலோமீட்டர் கூடப் போகிறது. நெடுஞ்சாலைக் கேமராவுக்கு இந்தக் கதையெல்லாம் சொல்ல முடியாது.

இனி கடை. முதல் தடவை போனபோது புது ரிம் வாங்கத்தான் போனேன். கையில் ஒரு படம் வைத்திருந்தேன்: 17×9, டயர் 245/40-17. அண்ணன் படத்தைப் பார்க்கவில்லை. "பசியாறிட்டியா?" என்று கேட்டார். ஆச்சு என்றேன். "அப்ப காடியை ஜாக்குல ஏத்து" என்றார் பையனிடம்.

அதற்கப்புறம் அவர் செய்ததைப் பார்க்கவே அந்தக் கடைக்குப் போகலாம். முன் ரிம்மைக் கழற்றினார். ஒரு மீட்டர் நூல், நுனியில் ஒரு வீல் நட்டு. கொத்தனார் தூக்குக் குண்டு பார்ப்பாரே, அதே வித்தை. ஜாக்கை ஹப்புக்கு அடியில் கொடுத்து, காடி தரையில் நிற்கும்போது சக்கரம் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்குக் கொண்டுவந்தார். நூலைப் பெண்டர் உதட்டின் உச்சியில் டேப்பால் ஒட்டித் தொங்கவிட்டார். நட்டு ஆடி நிற்கும்வரை காத்திருந்தார். அந்த நேரத்தில் பையன் ஏதோ கேட்க வந்தான், கையால் நிறுத்தினார். பிறகு இரும்பு ஸ்கேலை ஹப் முகத்தில் ஒட்ட வைத்து நூல்வரை அளந்தார். 85 மில்லி. பின் பக்கமும் அப்படியே. உள்ளே, ஹப் முகத்திலிருந்து அப்சோர்பர் வரைக்கும் ஓர் அளவு. எல்லாவற்றையும் சாக்பீஸால் என் காடியின் டயர் மேலேயே எழுதினார்.

அப்புறம் கழற்றிய டயரைப் படுக்கப்போட்டு அதன் வயிற்றை அளந்தார். பக்கத்தில் 235 என்று எழுதியிருக்கிற டயர், 8.5 அங்குல ரிம்மில் ஏறியதும் 240 வந்தது. ரிம் அரை அங்குலம் கூடினால் டயரும் ஐந்து மில்லி போல விரியும், அதனால் டயரில் அச்சடித்த எண்ணை மட்டும் நம்பாதே என்றார். 240-இல் பாதி 120. அதில் 35-ஐக் கழி. 85.

பெண்டரும் 85, டயரும் 85. காடி அசையாமல் நிற்கும்போதே இரண்டுக்கும் நடுவே காற்றுகூட இல்லை. சாக்பீஸை என் கையில் கொடுத்துவிட்டு அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

இதே கணக்கை 8 அங்குல ரிம், +45, 225 டயருக்குப் போட்டால்: டயர் வயிறு 230, பாதி 115, 45 போக 70. பெண்டருக்குள் 15 மில்லி மிச்சம். டயர் மொத்த விட்டம் 634. கம்பெனி அளவைவிட 9 மில்லி கூட, ஒன்றரை சதவீதத்துக்குள். தலை நாலரை மில்லிதான் ஏறுகிறது. ரிம்மின் நடுக்கோடு வெளியே நகர்வது வெறும் 3 மில்லி. இந்தக் கடைசி எண் எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. ஓட்டியபிறகுதான் தெரிந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

"அப்ப 245?" என்று விடாமல் கேட்டேன். போடலாம், பெண்டர் உதட்டை மடக்கணும், முன்னால் கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்வது, நிறைய கொடுக்கணும், உள்ளே அப்சோர்பரை நெருங்கும் என்றார். "200 குதிரை காடிக்கு எதுக்கு இவ்வளவு டயரு? பந்தயம் ஓடப்போறியா?" செப்பாங் பந்தயத் தடத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது போகிற ஆசை உண்டு என்றேன். "போயிட்டு வா. அப்பறமா பேசலாம்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. இந்தக் காடியை உருவாக்கிய தலைமைப் பொறியாளர் தெட்சுயா தாடா, வேண்டுமென்றேதான் ஒடுக்கமான டயர் கொடுத்தார். கம்பெனியிலிருந்து வந்த மிஷ்லின் பிரைமசி எச்பி, பிரியஸுக்கும் கொடுத்த டயர். பிடிப்பு குறைவாக இருந்தால் சாதாரண வேகத்திலேயே காடி அசைவதை ஓட்டுகிறவன் உணரலாம் என்பது கணக்கு. 235 போட்டு ஓடிய ஐந்து மாதத்தில் உலு யாம் வளைவுகளில் காடி என்னிடம் பேசவே இல்லை. ஒட்டிக்கொண்டே போனது. சந்தோஷம்தான், ஆனால் 86 வாங்கியதற்கு அது காரணமில்லை.

18 அங்குலத்திலேயே நிற்க வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது. 18×8, +45, டயர் 215/40 போட்டால் விட்டம் 629, கம்பெனி அளவுக்கு ரொம்பக் கிட்டே. பார்க்கவும் லட்சணம். ஆனால் அந்த டயரின் பக்கச் சுவர் 86 மில்லிதான். 225/45-17-க்கு 101. நம் சாலைக் குழிகளில் ரிம்முக்கும் சிமெண்டுக்கும் நடுவே நிற்பது அந்த 15 மில்லி ரப்பர். ஒரு ரிம்மை நெளித்தவன் என்பதால் நான் ரப்பரைத் தேர்ந்தேன். அது போக, 225/45-17 சாதாரண செடான் காடிகள் பலவற்றுக்கும் வருகிற அளவு. எந்த ஊர் டயர் கடையிலும் இரண்டு மூன்று பிராண்ட் கையிருப்பில் இருக்கும். நடு வழியில் டயர் வெடித்தால் அந்த ஊரிலேயே தங்க வேண்டியதில்லை.

நான் கேட்டு அவர் மறுத்தது இன்னொன்றும் உண்டு: ஸ்பேசர், ரிம்மை வெளியே தள்ள ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கிற தகடு. அவர் மறுத்து நான் பார்த்தது ஒன்று: நான் காத்திருக்கும்போது ஒரு பையன் 9 அங்குல ரிம்முக்கு 205 டயரை இழுத்துப் போடச் சொல்லி வந்தான். "வேற கடை பாரு கண்ணு" என்று அனுப்பிவிட்டார். கோபப்படவில்லை, ஆனால் இரண்டாவது தடவை வாயும் திறக்கவில்லை.

ரிம்மை நான்தான் தேடி வாங்கினேன், பழைய செட். 86-க்குப் போல்ட் வட்டம் 5×100, அதாவது ஐந்து போல்ட், 100 மில்லி வட்டத்தில். டொயோட்டா சின்னம் இருக்கிறதே என்று 5×114.3 ரிம் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. இந்தக் காடி பிறந்தது ஜப்பானில் குன்மா மாநிலத்து சுபாரு தொழிற்சாலையில். எலும்பெல்லாம் சுபாரு. ஹப்பின் நடு வட்டமும் சுபாரு அளவு, 56.1 மில்லி. ஆர்பிஎஃப்1-இன் நடுத் துளை 73. இடைவெளிக்கு வளையம் போட வேண்டும். என் பழைய 18-க்கு யாரும் அந்த வளையத்தைப் போடவே இல்லை. நூறைத் தாண்டினால் ஸ்டீரிங் நடுங்கியதற்கு நான் மூன்று முறை பேலன்சிங் செய்து காசு கொடுத்திருக்கிறேன். அண்ணன் அலுமினிய வளையம் நாலு போட்டார். நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

நட்டு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டொயோட்டா காடிகளுக்கு வழக்கமாக 12×1.5 மரை (போல்ட் 12 மில்லி, மரைக்கு மரை 1.5 மில்லி). 86-க்கு 12×1.25. அந்த 18-ஐ முதலில் மாட்டிய இடத்தில், பெயர் வேண்டாம், 'டொயோட்டாதானே' என்று 1.5 நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் ஏற்றிவிட்டார்கள். தப்பு மரை இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், அப்புறம் இறுகும். துப்பாக்கிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இரண்டு போல்ட்டில் மரை போய்விட்டது. அண்ணன் கடையில் கழற்றும்போது ஒன்று பாதியிலேயே முறிந்து வந்தது. அந்த முறிந்த துண்டை இப்போதும் காடியின் காசு வைக்கிற குழியில் போட்டுவைத்திருக்கிறேன். அவர் கடையில் நட்டை எப்போதும் கையால் நாலு சுற்று ஏற்றிய பிறகுதான் கருவி தொடும். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில், 120 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டுத் திரும்பி வா, மறுபடி பார்க்கணும் என்றார். போனேன். இரண்டு நட்டு ஒரு பொடி நகர்ந்தது.

டயர் வந்த அன்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் நாலு இலக்க எண்ணைக் காட்டினார். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். நாலும் ஒரே வாரத்துச் சரக்கு. 94 என்று எழுதியிருந்ததை விரலால் தட்டினார். சுமை எண், ஒரு டயர் 670 கிலோ தாங்கும். கம்பெனி டயருக்கு 87, அதாவது 545 கிலோ. குறையக் கூடாது, கூடலாம்.

மாட்டியாயிற்று. கடையை விட்டுக் கிளம்பலாம் என்று பார்த்தால் அண்ணன், "பிளாஸ்டிசின் இருக்கா?" என்றார். மகளின் பள்ளிக்கூடப் பை பின் சீட்டில் கிடந்தது. அதற்குள் ஒரு டப்பி களிமண், பச்சை நிறம். அதைச் சுண்டு விரல் கனத்துக்கு உருட்டி, முன் பெண்டரின் உதட்டுக்கு உள் பக்கம் மூன்று இடத்திலும் அப்சோர்பர் உடம்பில் ஓர் இடத்திலும் ஒட்டினார். பையன்கள் இரண்டு பேரைப் பின்னால் உட்கார வைத்தார். 86-இன் பின் சீட்டில் இரண்டு வளர்ந்த ஆம்பிளைகள். முழங்கால் காதைத் தொட்டது. ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து, அந்தத் தாமானிலேயே (குடியிருப்புப் பகுதியிலேயே) மோசமான வேகத்தடை மேல் ஏறி இறங்கச் சொன்னார். இடமாக ஒரு தடவை, வலமாக ஒரு தடவை. திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். பெண்டரில் ஒட்டியது ஒட்டியபடி. அப்சோர்பர் பக்கமும் தொடவில்லை. உள் பிளாஸ்டிக்கின் முன் மூலையில் மட்டும் ஒரு மெல்லிய தடம். ஹேர் டிரையர் மாதிரி ஒரு சூடு ஊதியை எடுத்து அந்த இடத்தைச் சூடாக்கி, கட்டை விரலால் உள்ளே அமுக்கிவிட்டார். முடிந்தது. அதற்குக் காசு வாங்கவில்லை.

பெண்டர் உதட்டை மடக்கவே இல்லை. மடக்கினால் பெயிண்ட் வெடிக்கும், வெடித்தால் துரு பிடிக்கும், தேவையில்லாமல் எதற்கு என்றார். நாலு ரிம்மை விற்று நாலு பெண்டரையும் மடக்கிக் கொடுத்துக் காசு பார்க்கிற இடங்களுக்குப் போய் வந்தவனுக்கு இது கேட்கவே இனிமையாக இருந்தது.

அலைன்மென்ட் அவர் கடையில் கிடையாது. நாலு கடை தள்ளி இருக்கிற இடத்துக்கு ஒரு துண்டுச் சீட்டில் எண் எழுதி அனுப்பினார். 30 மில்லி இறக்கிய 86-க்குப் பின்னால் கேம்பர் தானாகவே சாய்ந்துவிடுகிறது. என்னுடையது மைனஸ் 1.9 காட்டியது. முன்னால் கம்பெனி அமைப்பில் சரிசெய்ய வழி ரொம்பக் குறைவு என்பதால் கேம்பர் போல்ட் போட்டு மைனஸ் 1.4-க்குக் கொண்டுவந்தோம். முன் டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது) சுழியம், பின்னால் துளியூண்டு உள்நோக்கி. பழைய பின் டயர்களின் உள் விளிம்பில் கம்பி தெரிந்ததற்குக் கேம்பர்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் தின்றது டோ. ஸ்பிரிங் மாற்றிய பிறகு நான் அலைன்மென்டே பார்க்கவில்லை. அது என் தப்பு, யார் தலையிலும் கட்ட முடியாது.

ஓட்டம் எப்படி? குளியலறைத் தராசில் டயரோடு ரிம்மைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று பார்த்தேன். மனைவி வாசலில் நின்று சிரித்தாள். பழைய 18 ஒன்று 22 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இது 17-க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மூலைக்கு ஐந்து கிலோ. ஆர்பிஎஃப்1 வார்ப்பு ரிம்தான், ஆனால் வார்த்த பிறகு வளையப் பகுதியைச் சூட்டில் உருட்டி நீட்டுகிறார்கள். மெல்லிசாக இருந்தும் உறுதியாக நிற்பது அதனால்தான். என் பழையது ரேஸ் (Rays) என்ற ஜப்பான் கம்பெனியின் டிஇ37 ரிம்மைப் பார்த்து அடித்த நகல். 1996-இல் வந்த அசல் டிஇ37, 15 அங்குலத்தில் 3.7 கிலோ எடை. பெயரில் இருக்கிற 37 அதுதான். நகல் செய்தவர்கள் ஆறு ஆரக்காலையும் நகல் செய்தார்கள், எடையை மறந்துவிட்டார்கள்.

ஐந்து கிலோ குறைந்தது முதலில் தெரிந்தது வேகத்தில் இல்லை, சின்னச் சின்ன மேடுகளில்தான். பழைய செட்டில் சாலை ஒட்டுப்போட்ட இடமெல்லாம் முதுகில் எழுதிக்கொண்டே வரும். இப்போது சக்கரம் ஏறி இறங்குவது தனி, காடி போவது தனி. இறக்கிய காடி இறக்கிய காடிதான், மாமியாரை ஏற்றினால் திட்டு நிச்சயம். ஆனாலும் மகள் இப்போது பின்னால் தூங்குகிறாள்.

அந்த 3 மில்லி விஷயம். +35 ரிம்மில் டயரின் நடுக்கோடு 13 மில்லி வெளியே போயிருந்தபோது, லாரிகள் உழுத தடத்தில் ஏறினால் ஸ்டீரிங் தானாகத் திரும்பப் பார்க்கும். ஒரு பக்கம் தண்ணீரில் இறங்கினால் கையைப் பிடித்து இழுக்கும். காராக் நெடுஞ்சாலையில் மழையில் அந்த இழுப்போடு இறங்கிய ஒரு மாலை எனக்கு மறக்காது. இப்போது அதே சாலை, அதே மழை, இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு வரலாம். வரவில்லை, இரண்டு கையும் வைத்துக்கொண்டுதான் வந்தேன், ஆனால் வரலாம்.

வளைவுகளில் 225 எனக்குச் சரியான இடத்தில் நிற்கிறது. பத்தாங் காலி இறக்கத்தில் பின் பக்கம் மெல்ல அசைவதை இடுப்பு முதலில் சொல்கிறது, டயர் அப்புறம்தான் கத்துகிறது. 14,000 கிலோமீட்டருக்குப் பிறகு ஆழமானி வைத்து அளந்தேன்: முன்னால் வெளி விளிம்பில் 5 மில்லி, உள் விளிம்பில் நாலரை. பின்னால் இன்னும் கொஞ்சம் குறைவு, ஆனால் இரண்டு பக்கமும் சமமாக. கம்பி தெரிகிற நாள் தூரத்தில் இருக்கிறது.

குறை சொல்லாமல் விட்டால் விளம்பரம் ஆகிவிடும். பார்வைக்கு 17 சின்னதுதான். பின் பெண்டரில் இரண்டு விரல் இடைவெளி. சந்திக்கிற நண்பர்கள் எல்லாம், "மச்சான், பின்னால கேப்பு தெரியுது" என்று விரலை விட்டுக் காட்டுகிறார்கள். அந்த 18 நின்ற நிற்பு அழகு, மறுக்கவில்லை. இரவில் எண்ணெய் நிலையத்து விளக்கடியில் நிறுத்திவிட்டு நாலடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்ப்பேன். இப்போது திரும்பிப் பார்ப்பது குறைந்துவிட்டது. அந்த அழகுக்காகவே 18 போடுகிறேன் என்றால் போடுங்கள், 18×8 +45 பக்கம் நில்லுங்கள், காடி உரசாது. டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே வந்தால் சாலைத் தடுப்பில் ஜேபிஜேக்காரர் (மலேசியச் சாலைப் போக்குவரத்து இலாகாக்காரர்) பார்த்துச் சிரிக்க மாட்டார்.

கடையின் குறைகளும் உண்டு. கார்டு எடுக்க மாட்டார், ரொக்கம்தான். உட்கார இருப்பது இரண்டு பழைய டயர் மேல் ஒரு பலகை. ஒரு மணி நேர வேலை என்பார், மூன்று மணி நேரம் ஆகும். அதில் ஒரு மணி நேரம் பாடம். அளக்காமல் எதையும் மாட்ட மாட்டார் என்பதால் அவசரக்காரர்கள் எரிச்சலாகித் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். கழற்றி, அளந்து, வளையம், நட்டு, முறிந்த போல்ட் மாற்றியது, மாட்டி பேலன்ஸ் செய்தது எல்லாம் சேர்த்து என்னிடம் 380 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். டயர் ஒன்று 600 வெள்ளிக்கு முன்னே பின்னே. பழைய ரிம் மூன்றை விற்றுவிட்டேன். நெளிந்த நாலாவதை யாரும் கேட்கவில்லை. வீட்டுப் பின்பக்கச் சுவரில் மாட்டி, மனைவி தோட்டக் குழாயைச் சுற்றி வைத்திருக்கிறாள். ஆறு ஆரக்காலும் அதற்கு நன்றாகத்தான் பொருந்துகிறது.

ஞாயிறு மூடல். சனிக்கிழமை என்றால் ஒன்பது மணிக்கு முன்னால் போய்விடுங்கள். உங்கள் காடியின் கம்பெனி ரிம் அளவு, ஸ்பிரிங் எத்தனை மில்லி இறக்கியது, இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள், முதல் கேள்வியே அதுதான். பிளாஸ்டிசின் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள். பச்சை டப்பியை அவர் திருப்பித் தரவே இல்லை, மகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.